சாத்தப்பன் சேர்த்த கயிறு

சாத்தப்பன் இறந்த செய்தி எனக்குச் சிங்கம்புணரி பேருந்து நிலையத்தில் கிடைத்தது. எங்களிடம் படித்த பையன் ஒருவன் சொன்னான்.

"ஒங்களுக்குத் தெரியாதா சார்? நம்ம தூண்டி சார் தவறிட்டாரு. முந்தாநாளே எடுத்தாச்சு."

எப்படி என்று கேட்டேன்.

"நெஞ்சு வலின்னாக. வகுப்பு முடிச்சு வந்து படுத்தவருதானாம்."

அவனுடைய பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டான். நான் மதுரைக்குப் போக வேண்டியவன். காரைக்குடி வண்டியில் ஏறினேன்.

காரைக்குடி டுடோரியலில் அவரிடம் கணக்குப்பதிவு படித்தவர்களுக்கும், எங்களோடு அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கடலில்லாத ஊரில் தூண்டில் வைத்திருந்த செட்டியார். உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைச் சொல்லிச் சிரித்தும் முடித்துவிட்டீர்கள்.

அவருடைய அப்பா பினாங்கில் கடை வைத்திருந்தவர். தன் தேசத்துக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவன் தன் தூண்டில் ரீலையும் தடியையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். பெரிய கடல் மீனுக்கான ரீல், இளநீர் கனம் இருக்கும். அதில் ஒரே நீளமாகப் பின்னல் கயிறு. துரையின் படகில் இளம் வயதில் சாத்தப்பன் போயிருக்கிறார். முதுகில் பாய் போலச் செதில் விரிக்கும் ஆளுயர மயில்மீன் ஒன்று கடித்து ஓடியபோது தடி சில நிமிடம் அவர் கையில் இருந்திருக்கிறது. பிறகு துரை வாங்கிக்கொண்டான். அப்படி ஒரு மீனைத் தானே முழுதாகப் பிடித்து முடிக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் வேறு ஆசை எதையும் நான் பார்த்ததில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அப்பா இறந்த பிறகு நேமத்தான்பட்டி வீட்டில் பாகம் பிரித்தார்கள். மூன்று பிள்ளைகள், மூன்று பங்கு. துணைக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார். நடுமுற்றமான வளவு முழுக்கச் சாமான் பரப்பிக் கிடந்தது. சீட்டுக் குலுக்கியதில் ரீலும் தடியும் அவருக்கே விழுந்தன. அவர் முகம் மலர்ந்ததை அண்ணன் நாச்சியப்பன் பார்த்துவிட்டார்.

"ரீல் ஒனக்கு வந்துச்சு, சரி. கயிறு தனி."

"ரெண்டும் ஒண்ணுண்ணே. கயிறு இல்லாம ரீலுக்கு என்ன வேலை?"

"வாளி வேற, வாளிக்கயிறு வேற. ஆத்தா பொட்டியப் பங்கு வச்சப்ப பூட்டத் தனியா வைக்கலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். பங்காளி ஒருவர், "அளந்து வெட்டுங்கப்பா, சோறு ஆறுது," என்றார்.

தூணுக்குத் தூண் இழுத்து அளந்தார்கள். அடுப்படியிலிருந்து அரிவாள்மணை வந்தது. எல்லாம் நியாயமாக நடந்தது. விரல் அகலம் கூட யாருக்கும் கூடக்குறைய இல்லை.

திரும்பும்போது பேருந்தில் அவர் சொன்னது ஒன்றுதான். "அருவாமணையில வெட்டிட்டாக. நுனி பூரா பிரிஞ்சுபோச்சு."

அவர் பங்குக்கு வந்த துண்டால் பயனில்லை. மயில்மீன் முதல் ஓட்டத்திலேயே அவ்வளவையும் இழுத்துக்கொண்டு போய்விடும். புதிதாக வாங்கலாம் என்றால், அந்தச் சரக்கு இங்கே எந்தக் கடையிலும் இல்லை. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். பட்டணத்திலிருந்து தங்கூசி என்னும் நைலான் நரம்பு வரவழைத்தார். சன்னல் கம்பியில் கட்டி இழுத்துக் காட்டினார்.

"பாத்தீகளா, ரப்பர் மாதிரி வருது. மீன் அங்குட்டுக் கடிக்கும், இங்குட்டு எனக்குத் தெரியவே தெரியாது. தூண்டிமுள்ளு எப்படி ஏறும்?"

ரீலோடு வந்த துரையின் பெட்டியில் பழைய லினன் நூல்கண்டு ஒன்றும் இருந்தது. தண்ணீரில் நனைத்து இழுத்தார். வலுவாகத்தான் இருந்தது. ஒரு வாரம் கழித்து இழுத்தபோது மட்கிய வைக்கோல் போல அறுந்தது. பின்னல் கயிறு நீளாது, மட்காது. உள்ளே குழல் போல வெற்றாக இருக்கும். அதனால் முடிச்சில்லாமல் சேர்க்கலாம்.

முடிச்சுப் போட்டால் என்ன என்று கேட்டேன்.

"முடிச்சு தடி வளையத்துல மாட்டும். மாட்டலைன்னாலும் அறுறது அங்கதான். பெரிய மீனுக்கு முடிச்சு ஆகாது."

சாத்தப்பன் கேட்ட அன்றே தம்பி பழனியப்பன் தன் பங்கைக் கொடுத்துவிட்டார். அண்ணன் கொடுக்கவில்லை. அவர் பங்கு மாடியில் துணி காயப்போடும் கொடியாகியிருந்தது. "நல்ல கயிறு தம்பி, எம்புட்டு ஈரத்தையும் தாங்குது," என்றார் அண்ணன் மனைவி. சாத்தப்பன் புதுக் கயிறு வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"பங்குன்னு வந்தப்பறம் சும்மா குடுத்தா நாளைக்குப் பேச்சு வரும்," என்றார் நாச்சியப்பன். "பங்குக்குப் பங்கு குடு. ஒத்தக்கட்டைக்கு அறை எதுக்கு?"

அந்தச் செட்டியார் வீடுகளில் ஒவ்வொரு மகனுக்கும் வளவை ஒட்டி ஓர் அறை உண்டு. கல்யாணமானவனோ ஆகாதவனோ, எந்தத் தேசத்தில் இருந்தாலும், பூட்டிய அறையாவது அவன் பேரில் இருக்கும். அவன் வீட்டு நல்லதும் கெட்டதும் அந்த வாசலில்தான் நடக்கும். சாத்தப்பன் மடியிலிருந்து சாவியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். பிறகு மாடிக்குப் போய், காய்ந்துகொண்டிருந்த புடவைகளை மடித்து வைத்துவிட்டுக் கொடியை அவிழ்த்தார்.

ஊர் சிரித்தது. உங்களில் சிலர் ஆசிரியர் அறையில் நடித்தே காட்டினீர்கள்.

மூன்று துண்டையும் வாடகை வீட்டில் உட்கார்ந்து சேர்த்தார். மெல்லிய கம்பியை ஊசி போல மடக்கி, ஒரு கயிற்றின் வயிற்றுக்குள் செலுத்தி, மற்றதன் நுனியைக் கவ்வி உள்ளே இழுப்பார். ஒரு முழத்துக்குமேல் உள்ளே போகும். பிறகு இதன் நுனி அதற்குள். நுனியில் இழைகளை ஒவ்வொன்றாகக் கழித்து ஊசிவால் போலக் குறைப்பார். இல்லாவிட்டால் உள்நுனி முடியும் இடத்தில் விளிம்பு விழுந்து, அங்கே அறுமாம். முடிந்ததும் பூவரச மரத்தில் கட்டி, நாங்கள் இருவரும் பிடித்து இழுத்தோம். இழுக்க இழுக்க வெளிக்கயிறு உள்கயிற்றை இறுக்கியது.

அண்ணன் தம்பி உறவைப் பற்றி நான் ஏதோ அழகாகச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"கயித்தப் பத்திப் பேசுனா கயித்தப் பத்திப் பேசுங்க சார்."

ரீலில் ஏற்றும்போது ஈரத்துணியால் நான் பிடித்துக்கொள்ள, அவர் இறுக்கிச் சுற்றினார். தளர்ந்து சுற்றினால் மீன் இழுக்கையில் மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்துவிடும் என்றார். அன்று முழுக்க அவர் முகத்தில் இருந்ததை மகிழ்ச்சி என்று எழுதலாம். வேறு எங்கும் அந்தச் சொல் எனக்குத் தேவைப்படவில்லை.

கடலோரத்து மண்டபத்துக்குப் போய்ப் படகு அமர்த்தினோம். நாலு நாள் வெறும் வெயில். ஐந்தாம் நாள் கடித்தது. கயிறு பறந்தது. முதல் இணைப்பு வளையங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போனது. இரண்டாவதும் போனது. மீன் வெகுதூரத்தில் எழும்பி விழுந்தது. சாத்தப்பன் கால்களைப் பலகையில் ஊன்றிக்கொண்டார்.

"செட்டியாரே, மீன நீக புடிக்கிறீகளா, மீனு ஒங்களப் புடிக்குதா?" என்றார் படகுக்காரர்.

வெயில் சாயும்வரை இழுத்தார். இரண்டு இணைப்பும் திரும்பி வந்து ரீலில் ஏறின. மீனின் முதுகு, நீலம், படகுக்கு அருகில் தெரிந்தது. பிறகு தடி நிமிர்ந்துவிட்டது. கயிற்றைச் சுற்றி எடுத்துப் பார்த்தோம். மதுரையில் வாங்கிய முள் ஆணி போல நேராகியிருந்தது.

அவர் கயிற்றின் நுனியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கயிறு அறல," என்றார்.

கரையில் நல்ல தண்ணீர் வாங்கிக் கயிறு முழுவதையும் அலசினார். அடுத்த வருஷம் போகலாம் என்றார். அடுத்த வருஷம் டுடோரியலில் லீவு கொடுக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் அவரும் கேட்கவில்லை.

அன்று காரைக்குடியில் நான் இறங்கியபோது வாடகை வீட்டு வாசலில் நாச்சியப்பன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உடலை நேமத்தான்பட்டிக்குக் கொண்டுபோகவில்லை என்று பழனியப்பன் மெதுவாகச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. நாச்சியப்பனே விளக்கினார்.

"அங்க அவனுக்கு அறை இல்லைல்ல சார். எந்த வாசல்ல போடுறது? நாளைக்கு அவன் பங்கும் உண்டுன்னு யாராச்சும் சொல்லிட்டா?"

"யாருண்ணே சொல்லப்போறா?" என்றார் பழனியப்பன்.

"நீ சும்மாரு."

வாடகை வீட்டுக்காரர் உள்ளே வைக்கச் சம்மதிக்கவில்லை. தெருவில் பெஞ்சு போட்டுக் கிடத்தியிருக்கிறார்கள். வெயில் ஏறுமுன் எடுத்துவிட்டார்கள். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை இல்லை. உங்களில் எத்தனை பேர் வந்தீர்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ரீல் நாச்சியப்பன் மடியில் இருந்தது. கயிற்றைக் கொஞ்சங்கொஞ்சமாக உருவி, விரல்களுக்கிடையே ஓடவிட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப ரெண்டு பங்குதானே. ஒட்டு இருக்கிற எடம் தெரிஞ்சா கணக்கா வெட்டிரலாம். ஒண்ணும் தட்டுப்படலையே. ஒங்களுக்குத் தெரியுமா சார், எங்குட்டு ஒட்டு?"

தெரியாது என்றேன். அது உண்மை. என்னாலும் கண்டுபிடிக்க முடிந்திருக்காது.

"சரி, பாதில வெட்டுவோம். ஞாபகத்துக்கு ஒங்களுக்கும் ஒரு முழம் வேணுமா?"

வேண்டாமென்று எழுந்து வந்தேன். சாத்தப்பனுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. சாவியைக் கொடுத்த நாளிலிருந்து அவர் தன் அண்ணனைப் பற்றி ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அவர் வைத்துக்கொள்ளாத அந்தக் கோபத்தை நான் வைத்திருக்கிறேன். யாருக்கும் அதில் பங்கு கொடுப்பதாக இல்லை.