பின் சீட்டைக் கழற்றிய பிறகு

என் டூரிங் பைக்கின் பின் சீட்டை எடுத்துவிட்டு, ஓட்டுகிறவன் மட்டும் உட்காரும் சிங்கிள் சீட்டாக மாற்றச் சொல்லி மூலக்குளத்துப் பட்டறையில் விட்டேன். பின் மட்கார்டையும் பாதியாக அறுக்கச் சொன்னேன். பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாண்ணா, இந்த வயசுல ரேஸ் வுடப் போறீங்களா?"

"ஆமா, உலகம் சுத்தப் போறேன். பேசாம அறுப்பா!" என்று எரிந்து விழுந்தேன். அவர் மேல் எனக்கென்ன கோபம்? அந்தப் பின் சீட்டு என் மனைவி உட்கார்ந்த இடம். இனி அதில் யாரும் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

மடுகரையில் ஒரு காதுகுத்துக்குப் போகும்போது அவள் முந்தானை பின் சக்கரத்தில் சுற்றி, அவளை இழுத்து ரோட்டில் அடித்தது. நான் வண்டியை நிறுத்தி இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "முந்தானைய ஒழுங்கா சொருவியிருந்தா இப்படி ஆவுமா?" என்றுதான் சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். மாமியார்கூட அதைச் சொல்லித்தான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கல்லூரியில் படிக்கும் என் மகள் அம்மா படத்தின் முன் நின்று, "உனக்கு எல்லாத்துலயும் அசால்ட்டும்மா" என்று திட்டுவாள்.

சக்கரத்துக்குள் புடவை போகாமல் தடுக்க ஒரு கம்பித் தடுப்பு இருக்குமே, சாரி கார்டு, அதை பைக்கின் அழகைக் கெடுக்கிறதென்று நான்தான் கழற்ற வைத்திருந்தேன். பாவி! மகள் திட்டும்போதெல்லாம் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவன் போல உட்கார்ந்திருந்தேன். சொன்னால் அவளும் என்னை விட்டுப் போய்விடுவாள் என்று பயம்.

வேலை முடிந்ததும் மகள்தான் தன் ஸ்கூட்டியில் என்னை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். பட்டறைக்காரர் பழைய சீட்டையும் அறுத்த மட்கார்டு துண்டையும் கொண்டுவந்து வைத்தார். பிறகு சுவரில் தொங்கிய கம்பி ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார்.

"இதுவும் உங்களுதுதாண்ணா. போன வருஷம் லுக்கு போவுதுன்னு கழட்டச் சொன்னீங்களே, அந்த சாரி கார்டு."

என் வீட்டுச் செய்தி அவருக்குத் தெரியாது. மகள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா வுழுந்தப்ப இது வண்டியில இல்லியாப்பா?"

"இல்லம்மா."

"நான் அம்மாவத் திட்டனப்பல்லாம் நீ வூட்லதான இருந்த?"

அவள் கம்பியை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் அந்த ஒற்றை சீட்டில் ஏறி வில்லியனூருக்குத் திரும்பினேன்.

வீட்டில் மகள், அம்மா படத்துக்குக் கீழே அந்தக் கம்பியைச் சாய்த்து வைத்திருந்தாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் அது என்ன என்று கேட்கிறார்கள்.

"அப்பாவக் கேளுங்க" என்கிறாள்.