சந்தனம் வைத்த டிப்பர்

எங்கள் டிராக்டருக்குப் பின்னால் ஒரு டிப்பர் டிரெய்லர் உண்டு. ஜாக்கி அதன் பெட்டியை முன்பக்கம் தூக்க, சரக்கு பின்னால் சரிந்து கொட்டும். வில்பட்டியில் கேரட், பூண்டு, மாட்டுச் சாணம், ஜல்லி, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான் எல்லாம் அதில்தான் போகும். அதற்கு என் வீட்டுக்காரர் செய்யும் பராமரிப்பை நீங்கள் பார்க்க வேண்டுமே! என்னைக்கூட அவர் அப்படிக் கவனித்ததில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் குளிப்பாட்டுவார். டிப்பருக்கு நெற்றி என்று ஒன்று இல்லாததால் முன்பலகையில் சந்தனம், குங்குமம். பின்கதவில் நாக்கைத் தொங்கப்போட்ட பூதம். அச்சில் கறுப்புக் கயிறு. மலைக்கு ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்தி அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எல்லாம் உண்டு, கிரீஸ் மட்டும் கிடையாது.

வத்தலக்குண்டில் வாங்கும்போதே விற்றவர் படித்துப் படித்துச் சொன்னார். “வாராவாரம் எல்லா நிப்பிள்லயும் கிரீஸ் அடிங்க. ஜாக்கி ஆயிலப் பாருங்க. பெட்டியத் தூக்கி வெச்சுட்டு, முட்டுக் குடுக்காம மட்டும் கீழ போயிராதீங்க. விழுந்துச்சுன்னா ஆளத் தூக்க முடியாது, வழிச்சுத்தான் எடுக்கணும்.” இவர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். “அதெல்லாம் சரிங்க, மொதப் பூசைக்கு எந்தத் தெசையப் பாத்து நிறுத்தணும்?”

வழித்து எடுக்க வேண்டும் என்ற பேச்சு எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. தைலமரத்தில் நல்ல தடியான கட்டை ஒன்றை அறுத்து வாங்கி, முட்டுக்கு என்று டிரெய்லரில் போட்டேன். கொஞ்ச நாளில் பார்த்தால் அது கோழிக்கூட்டுக்கு முட்டாக நிற்கிறது. எங்கள் வீட்டில் கோழிகளின் உயிருக்கு மட்டும் உத்தரவாதம் இருந்தது.

போன ஆயுத பூஜைக்கு ஐயாவுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. கிரீஸ் கன்னைக்கூட விடவில்லை. வாங்கிய பிளாஸ்டிக் உறையோடு அதற்கும் பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது பார்த்த ஒரே சோலி அதுதான்.

அதற்கு முந்தைய நாள் டிப்பருக்குப் புதுப் பெயிண்ட். பெட்டியைத் தூக்கி நிறுத்தி, நீளக் கம்பில் பிரஷைக் கட்டி, வெளியே நின்றபடியே அடிப்பாகம் முழுக்கச் சிவப்பு அடித்தார். உயிருக்குப் பயந்து அல்ல, சட்டையில் சொட்டும் என்று. கிரீஸ் ஏற்றும் நிப்பிள்களின் ஊசி ஓட்டையெல்லாம் பெயிண்டில் அடைபட்டுப் போயின. பெட்டியைத் தாங்கும் இரும்புப் பின்களும் பெயிண்டில் முழுகின. எண்ணெயில் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டிய ஜாக்கித் தண்டு, கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்கும் சிவப்பு!

“ஏங்க, அதுக்கு எதுக்குங்க பெயிண்டு?” என்றேன்.

“அது மட்டும் மொட்டையாக் கெடக்கு. பாக்க நல்லாவா இருக்கு?”

என்ன ஒரு ரசனை! பெயிண்ட் காய்ந்த பிறகு பெட்டி முக்கி முனகித்தான் இறங்கியது. புதுசு என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்.

பூஜை முடிந்து வீட்டுக்குக் கீழே இருக்கும் பூண்டுத் தோட்டத்துக்குச் சாணம் கொண்டுபோனோம். பெட்டியைத் தூக்கினார், சாணம் சரிந்து கொட்டியது. பெட்டி இறங்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு அந்தரத்தில் அப்படியே நின்றது.

“நேத்து வடகவுஞ்சிக்காரன் ஒருத்தன் இதையே மொறச்சுப் பாத்தான். அவன் கண்ணுதான்” என்று சொல்லிக்கொண்டே சுத்தியலை எடுத்தார். இறுகிப்போன இரும்புப் பின்னைத் தட்டிவிடப் போகிறாராம். நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டிக்கு அடியில் புகுந்துவிட்டார்.

“ஏங்க, வெளிய வாங்க. கட்டைய வெச்சுட்டுப் போங்க.”

“ரெண்டே தட்டு. வெரசா முடிஞ்சிரும்.”

“விழுந்துட்டா?”

“இப்பத்தான பூச போட்டிருக்கு. சாமி பாத்துக்கிரும்.”

டங்கென்று ஒரு தட்டு. தலைக்கு மேலே பெட்டி லேசாக ஆடியது. கெஞ்சினேன், கத்தினேன், அவர் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினேன். மனுஷன் அசையவில்லை. மேட்டில் இருக்கும் கோழிக்கூட்டுக்கு ஓடிக் கட்டையைக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று பயம். எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் உள்ளே புகுந்தேன். அவர் பக்கத்தில் சாணிச் சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் கை நின்றது. “ஏய், நீ எதுக்குடி உள்ள வந்த?”

“தட்டுங்க. சாமி பாக்கத்தான போகுது? ரெண்டு பேரையும் சேத்தே பாக்கட்டும்.”

“வெளிய போ. ஆடுது பாரு!”

“உங்க பக்கம் ஆடலயாக்கும்?”

“சொன்னாக் கேளு புள்ள, விழுந்துரும்!”

சாமி, பூசை, வடகவுஞ்சிக்காரன் கண் எல்லாம் எங்கே போனதோ. சுத்தியலைப் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தார். வளையல் உடைந்து கையில் கீறியது. அப்படியே மேட்டில் ஏறி ஓடினார். கோழிகள் கத்திக்கொண்டு சிதறின. கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பக்கவாட்டில் நின்று முட்டுக் கொடுத்தார். சரிந்த கட்டையை மறுபடி நிமிர்த்தி, காலால் உதைத்து இறுக்கினார்.

பிறகு வெளியே நின்று கடப்பாரையால் பின்னை நெம்பினார். தடாலென்று பெட்டி கட்டைமேல் விழுந்தது. கட்டை ஒரு பக்கம் பிளந்தாலும் தாங்கிக்கொண்டது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் சுத்தியல் கிடந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் சாணக் குவியலிலேயே உட்கார்ந்துவிட்டார். “நீ உள்ள இருந்தியேடி, நீ உள்ள இருந்தியே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“நீங்க மட்டும் வெளியவா இருந்தீங்க?” என்று கேட்டேன்.

தன் உயிரும் அதே பெட்டிக்குக் கீழேதான் இருந்தது என்பது அந்த மனுஷனுக்கு இன்றுவரை உறைக்கவில்லை. நிப்பிள்களைச் சுரண்டிக் கிரீஸ் அடிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அதைவிடப் பெரிய பராமரிப்பு ஒன்று இருக்கிறது. டிப்பர் பெட்டி மேலே எழும்புகிற சத்தம் கேட்டால், உலையில் அரிசி போட்டிருந்தாலும் விட்டுவிட்டு ஓடிப்போய், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்பேன். என்னைப் பார்த்ததும் கட்டையைத் தேடிப் போவார்.