அச்சிடாமல் விட்ட இரண்டாம் பக்கம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, குற்றாலத்தில் சீசன் தொடங்கிய வாரம் அது. தென்காசி பேருந்து நிலையத்துக்கு அருகில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். சான்றிதழ் விண்ணப்பம், மின்கட்டணம், வேலைவாய்ப்புப் பதிவு எல்லாம் செய்து கொடுப்போம். அன்று காலையிலிருந்தே சாரல். அருவிக்குப் போகிறவர்கள் கடை வாசலில் ஒதுங்கி நின்றார்கள். அந்த நெரிசலுக்குள் ஒரு பெண், பிளாஸ்டிக் பையை நனையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

வீரகேரளம்புதூர் பக்கத்துக்காரர். வயது முப்பத்தெட்டு. கணவர் இறந்துவிட்டார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளோடு, அண்ணன் வீட்டை ஒட்டிய ஓர் அறையில் இருந்தார். வேலை பார்த்த ஜவுளிக்கடையை மூடிவிட்டார்கள். வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார். ஆறு வருடங்களுக்கு முன்பு அவருடைய பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்காக ஆன்லைனில் பதிந்து கொடுத்தது நான்தான்.

“கொஞ்சம்தான் வரும்னு தெரியும் அண்ணாச்சி. பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்க அண்ணன்ட்ட கேக்காம இருக்கணும். கேட்டா தருவான். மதினி மூஞ்சியத்தான் பாக்க முடியல” என்றார்.

நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், ஆகிவிட்டது. அவருடைய பிரிவுக்கு வயது நாற்பதைத் தாண்டக்கூடாது, தாண்டவில்லை. குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும்; அதற்கான கையெழுத்துக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நான்கு முறை போய் வந்திருந்தார்.

“உங்களுக்குக் கிடைக்காம வேற யாருக்குக் கிடைக்கப் போகுது?” என்றேன்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பேசப் பயமாக இருக்கிறது என்றதால், கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நானும் கூடப் போனேன்.

அங்கே இருந்த பெண் ஊழியர் பொறுமையானவர். தாள்களை ஒழுங்காக அடுக்கி வாங்கினார். பதிவு எண்ணைக் கணினியில் அடித்துப் பார்த்தார்.

“ஏம்மா, இது புதுப்பிக்கவே இல்லையே. மூணு வருசம் ஆச்சு, அவகாசமும் முடிஞ்சு போச்சு. பதிவு இப்ப நடப்புல இல்ல.”

அவருக்குப் புரியவில்லை. “பதிஞ்சு ஆறு வருசம் ஆகுதே மேடம்?”

“மூணு வருசத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும்லா. விட்டுட்டா இன்னைக்குப் புதுசாப் பதியணும். இன்னைல இருந்து அஞ்சு வருசம் எண்ணணும்.”

முப்பத்தெட்டும் ஐந்தும் நாற்பத்து மூன்று. நான் கூட்டிப் பார்க்கும் முன்பே அவர் கூட்டிவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“அட்டையிலயே போட்டிருக்குமே, எந்த மாசம் புதுப்பிக்கணும்னு” என்றார் ஊழியர்.

அந்தப் பெண் தன் பையிலிருந்து பதிவு அட்டையை எடுத்துக் கொடுத்தார். லேமினேட் செய்து, ஒரு மடிப்பு விழாமல் வைத்திருந்தார். ஊழியர் அதை முன்னும் பின்னும் திருப்பினார்.

“ரெண்டாவது பக்கம் எங்க?”

எங்கள் பிரிண்டரில் அந்த அட்டை ஒரு பக்கத்தில் அடங்காது. கடைசி இரண்டு வரி மட்டும் அடுத்த தாளுக்குப் போய்விடும். இரண்டு வரிக்காக ஒரு தாள் வீண் என்று, ஆரம்பத்திலிருந்தே முதல் பக்கத்தை மட்டும் அச்சடித்து லேமினேட் செய்து கொடுப்பது எங்கள் கடை வழக்கம். புதுப்பிக்க வேண்டிய மாதம் அந்த இரண்டு வரியில்தான் இருந்தது. புதுப்பிப்பது பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். போதாததற்கு, ஆறு வருடங்களுக்கு முன்பு அட்டையை அவர் கையில் கொடுத்து, “சோலி முடிஞ்சுது, இனி அலைய வேண்டாம்” என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது.

வெளியே வந்ததும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அட்டையைத் துடைத்து மறுபடி பைக்குள் வைத்தார்.

“ரெண்டாம் பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருந்தா, அதுக்கும் சேத்துக் காசு தந்திருப்பேனே அண்ணாச்சி” என்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று கடையில் வேறு வேலை ஓடவில்லை. பதிவு செய்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வைத்திருந்த நோட்டை எடுத்து, ஒவ்வொருவராக அழைத்தேன். பாதி நம்பர் உபயோகத்தில் இல்லை. கடையநல்லூர்க்காரர் ஒருவர், “நான் கத்தார்ல கிரேன் ஓட்டுதேன் அண்ணாச்சி, எனக்கு எதுக்கு வேலையில்லாதவன் துட்டு?” என்று சிரித்தார். பாவூர்சத்திரத்துப் பெண் ஒருத்திக்கு இன்னும் ஒன்பது நாள் அவகாசம் இருந்தது. போனிலேயே விவரம் கேட்டுப் புதுப்பித்தேன். சிலருக்கு ஏற்கெனவே காலாவதியாகியிருந்தது. அவர்களிடம் என் தவறு என்று சொல்ல ஒவ்வொரு முறையும் நாக்கு தயங்கியது. சொன்னேன்.

வீரகேரளம்புதூர்ப் பெண்ணுக்கு மறுநாளே புதிதாகப் பதிந்து கொடுத்தேன். உதவித்தொகைக்கு அது உதவாது, வேலைக்கான அழைப்பு வந்தால்தான் உண்டு. அந்த வரிசையிலும் அவர் இனிக் கடைசி ஆள். இரண்டாம் பக்கத்தை அவர் தனியாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

இப்போது யார் வந்தாலும் இரண்டு பக்கமும் அச்சடித்து, மாதத்தைப் பேனாவால் வட்டமிட்டு, வாயாலும் சொல்லித்தான் அனுப்புகிறேன். பொறுப்பான கடை என்று யாராவது பாராட்டினால் எனக்குக் கூசுகிறது. ஒரு தாளை மிச்சம் பிடிக்கப் போய் ஒருவருடைய ஆறு வருடத்தை நான் வீணாக்கியது அவர்களுக்குத் தெரியாது.