ஏசி அறைக்கு ஆதாரம்

வருடா வருடம் எட்டாம் வகுப்புக்கு இதே பாடத்தை நடத்துகிறேன். ஒருவர் நம்மை நம்பவைக்க எழுதினால், வரிக்கு வரி 'எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். அந்த வயதில் நான் தலையாட்டியதோடு நிற்கவில்லை.

கறம்பக்குடிப் பக்கம் எங்கள் வயலில் மூன்றாவது போர்வெல்லிலும் புழுதிதான் வந்தது. அந்த வாரமே அப்பா ஒரு வளைகுடா ஏஜென்டின் நோட்டீசைக் கொண்டுவந்து அம்மாவுக்கு உரக்க வாசித்தார். ஏசி அறை, எட்டு மணி நேர வேலை, போனவர்கள் எல்லோரும் சந்தோஷம். மறுநாள் நான் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'ஆதாரம் இல்லை' என்று எழுதிவைத்தேன். ஏழு வரி, ஏழு முறை. நோட்டீசின் படத்தில் கூலிங் கிளாஸ் போட்டுச் சிரித்த மூன்று பேரையும் விடவில்லை, 'இவர்கள் யார்?' என்று கேட்டிருந்தேன். அப்பா பார்த்துவிட்டு, "எம்மக வக்கீலாத்தான் வரும்" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் அப்பா விமானம் ஏறிவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் வீடியோ காலில் வருவார். பின்னால் வெறும் சுவர்தான் தெரியும். கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "ஏசி ரூமுதான் தாயி, எட்டு மணி நேரந்தான் வேலை" என்பார். எனக்கு அது போதவில்லை.

"போனத் திருப்புங்கப்பா, ஏசியக் காட்டுங்க."

"சிக்னலு சரியில்ல தாயி."

அடுத்த வாரமும் கேட்டேன், அதற்கடுத்த வாரமும் கேட்டேன். அப்பா மறுபடியும் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அவுகளச் சும்மா நோண்டாதடி. நீங்க சொல்லுங்க, சாப்பிட்டீங்களா?"

எனக்கு அம்மாமேல் அப்படியொரு கோபம். கேட்க வேண்டியதை விட்டுவிட்டுச் சோற்றைக் கேட்கிறாளே, இவளுக்கு எது ஆதாரம் என்றே தெரியாது என்று நினைத்தேன். பிறகு, போன ஆளே சொல்லும்போது வேறென்ன சாட்சி வேண்டும் என்று நானே சமாதானமாகி, நோட்டீசில் ஏழு வரிக்கும் 'சரி' போட்டுப் பெருமையாக அவளிடம் காட்டினேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்கு முதல் வெள்ளிக்கிழமையே, அந்தத் துண்டைப் பார்த்ததுமே, எல்லாம் தெரிந்துவிட்டது என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்களுக்குக் கொடுக்க அவரிடம் அந்த ஒரு பொய்தான் இருந்தது. அதையும் நான் பிடுங்கிவிடக் கூடாதென்றுதான் அவள் குறுக்கே வந்தாள்.