கறுப்பு கடித்த கை

ஜிபார் அக்காவின் வலது கையில் இப்போது இரண்டு விரல்தான் இருக்கின்றன, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். அந்த இரண்டை வைத்துக்கொண்டே மாவு பிசைகிறாள், மாடு கறக்கிறாள். யாராவது புளுகினால் அந்த ஆள்காட்டி விரலை நேராக அவர்கள் மூக்குக்கு முன்னால் நீட்டுகிறாள். ஐந்தும் இருந்த காலத்திலேயே எனக்கு அவளிடம் பயம் உண்டு. அந்த விரல் ஒரு நாள் என்னை நோக்கியும் நீண்டது.

நான் மைராம், அவளுடைய ஓரகத்தி. அவள் புருஷனும் என் புருஷனும் அண்ணன் தம்பி. எங்கள் குலத்திலேயே நான்தான் கடைசி மருமகள். அப்படியென்றால் என்ன என்று வாழ்க்கைப்பட்டவர்களுக்குத் தெரியும். தேநீர் ஊற்றுவது நான், கதவோரம் உட்காருவது நான், எந்த வீட்டில் ஆடு அறுத்தாலும் வாய்க்கால் கரையில் குந்திக் குடல் கழுவுவது நான்.

அக்கா நாரின் மலையிலிருந்து இருபது வயதில் எங்கள் தாலாஸ் பள்ளத்தாக்குக்கு மருமகளாக வந்தவள். அவள் பிறந்த ஊரில் குதிரையும் செம்மறியும்தான், பீன்ஸ் செடியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. வந்த வருஷம் களை என்று நினைத்துப் பாதி வரிசையைப் பிடுங்கிப் போட்டுவிட்டாளாம். ஊரில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "அந்தப் பாதி வரிசை மட்டும் இருந்திருந்தா நீங்கெல்லாம் இந்நேரம் கோடீஸ்வரி ஆகியிருப்பீங்க, பாவம்" என்று அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பத்து வருஷத்தில், பீன்ஸ் அடிக்கும் மெஷினுக்குச் செடி ஊட்ட அவளை மிஞ்சிய ஆள் இல்லை என்றாயிற்று. காய்ந்த செடியை அள்ளி மெஷின் வாயில் கொடுப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதிகம் கொடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், குறைத்துக் கொடுத்தால் விதை உடையும். செப்டம்பர் வந்தால் எங்களில் ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவளே நிலக்காரர்களிடம் வேலை பேசுவாள். "குடிக்கத் தண்ணி வருமா? நிழலுக்குத் துணி கட்டுவீங்களா? முடியாதுன்னா உங்க பீன்ஸை நீங்களே பல்லால உரிச்சுக்கங்க" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். அவர்களும் கட்டிக் கொடுப்பார்கள்.

ஒருவரிடம் மட்டும் அவள் அப்படிப் பேசமாட்டாள். அவர் எங்கள் புருஷன்மாருக்குப் பெரியப்பா மகன், எங்களுக்கு மூத்தார் முறை. ஊரில் பெரிய நிலமும் அவருடையது, மெஷினும் அவருடையது. எங்கள் பக்கம் மருமகள்கள் புருஷன் வீட்டு மூத்தவர்களின் பெயரைச் சொல்வதில்லை. பெயருக்குள் ஒரு சாதாரணச் சொல் இருந்தால் அந்தச் சொல்லும் போயிற்று. அவர் பெயருக்குள் இருந்தது ஓர் உலோகம். மண்வெட்டி, வாணலி, லாடம் எல்லாம் எதில் செய்கிறார்களோ அந்த உலோகம். அதனால் எங்கள் வீட்டுப் பெண்கள் அதைக் கறுப்பு என்போம், அவரைப் பெரியவர் என்போம். இருபத்து நான்கு வருஷத்தில் அக்கா வாயில் அந்தச் சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை.

அந்த வருஷம் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. செடி ஈரமாக இருந்ததால் மெஷின் நிமிஷத்துக்கு ஒரு தரம் அடைத்தது. பெரியவர் பொறுமையிழந்து, மெஷின் வாய்க்கு மேலே இருந்த மூடியைத் திருகு கழற்றி எடுத்துத் தரையில் போட்டார்.

"மூடி இல்லாம எப்படி, பெரியவரே? கை போயிடும்" என்றாள் அக்கா.

"இன்னொரு மழை வந்தா மொத்த பீன்ஸும் போயிடும், தங்கச்சி. உன் கைக்கென்ன, அதுக்குத்தான் தனியாக் கண்ணு இருக்கே!"

புகழ்ச்சிக்கு யார்தான் மயங்கவில்லை? அக்கா ஊட்டினாள். மத்தியானம் தாண்டியதும் கையுறையின் நூல் ஒரு கொடியில் சிக்கியது, கொடி மெஷினுக்குள் போனது, கையும் போனது. நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன். நாங்கள் ஆறு பேரும் அலறினோம், அவள் அலறவில்லை. "கத்தாதீங்கடி. கத்தினா முளைக்கவா போகுது? துணி எடுங்க" என்றாள். முகம் மட்டும் சுண்ணாம்பாக இருந்தது.

பெரியவர் தன் ஜீப்பிலேயே எங்களை ஏற்றிப் பறந்தார். அதை நான் மறைக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் தலைநகரத்திலிருந்து புதிதாக வந்தவர். துணி சுற்றிய கையைப் பார்த்து, "எப்படி ஆச்சு?" என்றார்.

"கறுப்பு கடிச்சிருச்சு" என்றாள் அக்கா.

"வீட்டு நாயா, தெரு நாயா? ஊசி போடணும்."

அந்த வலியிலும் அவள் சிரித்துவிட்டாள். நான் அழுகையும் சிரிப்புமாக, "நாயில்லங்க டாக்டர், மெஷினு" என்றேன்.

"யாரோட மெஷின்? யாருகிட்ட வேலை?"

நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தாள். பெரியவர் கதவுப் பக்கமே நின்றிருந்தார். அவர் இல்லாத இடத்திலேயே சொல்லாத பெயரை அவர் முன்னாலா சொல்வோம்? டாக்டர் பேனாவைத் தட்டிக்கொண்டே காத்திருந்தார். கடைசியில் பெரியவரே பேசினார்.

"அஷார்ல நடந்தது டாக்டர். எல்லாம் சொந்தக்காரங்க, உதவிக்கு வந்தாங்க."

"அப்படியாம்மா?" என்று டாக்டர் கேட்டார். அக்கா தரையைப் பார்த்தாள். அவர் எழுதிவிட்டார்.

அஷார் நல்ல சொல். ஒருவர் வீட்டுக்குக் கூரை போட, வாய்க்கால் தூர்வார ஊரே கூடிக் கூலி வாங்காமல் கை கொடுப்பது. வந்தவர்களுக்கு வீட்டுக்காரர் ஆடு அறுத்து விருந்து வைப்பார். அந்த நல்ல சொல்தான் எங்கள் அக்காவின் கழுத்தில் கயிறாக விழுந்தது. வேலையில் பட்ட காயம் என்று ஒரு வரி இருந்தால்தான் நஷ்டஈடு, அந்த வரி இருந்தால்தான் மேற்கொண்டு வைத்தியத்துக்கு முதலாளி பொறுப்பு. அஷாரில் கை போனால் அது அவரவர் தலையெழுத்து. அக்கா காகிதத்தை எடுத்துக்கொண்டு படியேறிய ஆபீஸ் எல்லாவற்றிலும் இதையேதான் சொன்னார்கள்.

அவள் நேரே பெரியவரிடம் போனாள். வேலையில் நடந்தது என்று எழுதிக் கொடுங்கள், அது போதும் என்றாள். "நமக்குள்ள என்னம்மா காகிதம்? நான் என்ன அந்நியனா?" என்றார் அவர். மறுநாள் வீட்டுக்கு ஒரு மூட்டை பீன்ஸ் வந்து இறங்கியது. எங்கள் ஊரில் எல்லோரும் பீன்ஸ் விளைவிக்கிறோம், ஒருவரும் வாயில் வைப்பதில்லை, எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறது. அக்கா மூட்டையைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "மூணு விரலுக்கு ஒரு மூட்டை. அதுவும் நாம திங்காததாப் பாத்து அனுப்பியிருக்காரு" என்றாள். அன்றே தன் மனுவை எழுதினாள், இடது கையால்.

அவள் புருஷன் காசிம் அதிகம் பேசாத மனுஷர். அவரே பேசினார்.

"அண்ணன் மேல கேஸ் போட்டா, நாளைக்கு நல்லது கெட்டதுக்கு நான் எந்த மூஞ்சியோட போறது?"

"இருக்கிற மூஞ்சியோட போங்க. என் கையை மட்டும் கேட்டாங்கன்னா, பெரியவர் வீட்டுல இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

இனி என் வெட்கக்கேடு. பெரியவர் ஒரு தாளோடு வீடு வீடாக வந்தார். 'நாங்கள் அஷாருக்கு வந்தோம், கூலிக்கு அல்ல' என்று அதில் இருந்தது. ஆறு பெண்களும் கையெழுத்துப் போட்டோம். ஆறாவது கையெழுத்து என்னுடையது. அடுத்த செப்டம்பரும் வேலை வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்காவுக்கு அது தெரிந்தது. என்னோடு சண்டை போடவில்லை, பேசவும் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஏப்ரலில் வழக்கு வந்தது. பெரியவர் ஒரு வக்கீலோடு வந்தார், அக்கா தனியாக வந்தாள். பின்வரிசையில் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் ஆஸ்பத்திரிச் சீட்டையும் ஆறு கையெழுத்தையும் நீட்டினார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். நீதிபதி அம்மா அக்காவைப் பார்த்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

அக்கா எழுந்தாள்.

"பெரியவரே, உங்க அஷார்ல ஆடு அறுத்தீங்களா?"

வக்கீல் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. அவர் கண் பின்வரிசைக்குப் போய்த் திரும்பியது. இல்லை என்றால், ஊரைக் கூப்பிட்டு வேலை வாங்கி வெறும் வயிற்றோடு அனுப்பியவர் என்று பெயர் வரும். அந்தப் பெயரோடு எங்கள் ஊரில் யாரும் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

"அறுக்காம? நல்லாக் கொழுத்த ஆடு" என்றார்.

அப்போதுதான் அந்த விரல் என் பக்கம் நீண்டது. நான் அவருடைய சாட்சியாக உட்கார்ந்திருந்தேன்.

"மைராம், எந்திரி. நம்ம குலத்துல ஆடு அறுத்தா குடல் கழுவுறது யாரு?"

"நான்தான்க்கா."

"நீ வந்த இந்தப் பதினோரு வருஷத்துல வேற யாராச்சும் கழுவியிருக்காங்களா?"

"நான் பிரசவத்துக்குப் போனப்ப ஒரு தடவை."

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"என் கை போன அன்னிக்குக் கழுவினியா?"

கழுவினேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் பதினோரு வருஷம் பனித் தண்ணீரில் விரல் மரத்துப்போகக் கழுவியவள் நான். விருந்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. ஒருத்தி மட்டும் ஒவ்வொரு தடவையும் கெட்டிலில் வெந்நீர் கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். அவள்தான் இப்போது என் முன்னால் நின்றிருந்தாள்.

"இல்லக்கா" என்றேன். "அன்னிக்கு ஆடும் இல்ல, குடலும் இல்ல. நீங்க வீட்டுல இருந்து அவிச்சுக் கொண்டுவந்த உருளைக்கிழங்கைத்தான் ஏழு பேரும் தின்னோம். கூலிக்குத்தான் போனோம். நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். "டேய், ஆடில்லாம என்னடா அஷார்?" வக்கீல் பாய்ந்து எழுந்தார், நீதிபதி அம்மா கையைக் காட்டி உட்கார வைத்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்.

"உங்களை வேலைக்கு வெச்சது யாரு? பேரைச் சொல்லுங்க, பதிவு பண்ணணும்."

மனுவில் அந்தப் பெயரை இடது கையால் எப்படியோ எழுதிவிட்டாள். வாயால் சொல்ல வேண்டும், அதுவும் அவர் கண்ணெதிரே. அக்கா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். ஆஸ்பத்திரியில் பார்த்தது போலத் தரையைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்தாள்.

"தெமிர்பெக்" என்றாள். "என்னை வேலைக்கு வெச்சது தெமிர்பெக். என் கையைக் கடிச்சது அவரோட மெஷின். மூடியைக் கழட்டினதும் அவர்தான்."

எங்கள் மொழியில் தெமிர் என்றால் இரும்பு. அதை வாய்விட்டுச் சொல்லியும் கூரை இடிந்து விழவில்லை. பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குனிந்தார். நீதிபதி அம்மா என் பக்கம் திரும்பி, "உங்களை?" என்றார். முதல் தடவை எனக்குக் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை பின்வரிசைவரை கேட்டது.

இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. வாங்கி வர அக்கா என்னைத்தான் கூட்டிப்போனாள். 'வேலையில் நேர்ந்த விபத்து, முதலாளி பொறுப்பு' என்ற வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது, "குளிர்காலம் வரட்டும், கெட்டிலைப் பெருசா வாங்கித் தர்றேன்" என்றாள். அங்கேயே நடுத்தெருவில் அழுதேன்.

வீட்டு வாசலில் காசிம் நின்றிருந்தார். பக்கத்தில் அவர்களுடைய கறுப்பு நாய் வாலை ஆட்டியது.

"என்னன்னு எழுதியிருக்கு?" என்றார்.

"இரும்பு கடிச்சதுன்னு எழுதியிருக்கு" என்றாள் அக்கா. "இனிமே கறுப்புன்னா இந்த வீட்டுல நாய் மட்டும்தான்."