ஸ்வல்ப தள்ளி நில்லுங்கம்மா

வீட்டைப் போட்டோ பிடித்து விற்கிற காலம் வந்துவிட்டது, தெரியுமா உங்களுக்கு? எனக்குப் போன ஞாயிறுதான் தெரிந்தது.

ஓசூர் பக்கம் மத்திகிரியில் எங்கள் அப்பா கட்டிய ஓட்டு வீடு. அப்பா போன வருஷம் தவறிவிட்டார். பத்திரம் என் பேரிலும் அண்ணன் சவரிமுத்து பேரிலும். ஆனால் வீட்டில் இருப்பது ரெஜினா அக்கா — எங்கள் இருவருக்கும் மூத்தவர். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து வந்தவர். அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

பெங்களூரில் ஓர் ஆள் வீடு கேட்டிருக்கிறார். நேரில் வர முடியாது, படம் அனுப்புங்கள் என்றாராம். அண்ணன் மெட்ராஸிலிருந்து வந்துவிட்டார். நானும் மனைவி தெரசாவும் சேலத்திலிருந்து போனோம்.

வீடு விற்பதைப் பற்றி அக்காவிடம் யார் பேசினது? யாரும் பேசவில்லை. அண்ணன் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன்... நான் சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்தாராம்.

காலையிலிருந்து வீட்டை ஒதுக்குகிற வேலை. கோழிக்கூடு தெரியக் கூடாது, கொடிக்கயிறு கூடாது, ஜன்னலோரத் தையல் மெஷின் கூடாது — அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அக்காவே தூக்கிக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்தார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. அந்த மெஷினில் பக்கத்து மாட்டுப் பண்ணைக் குடியிருப்புப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துத்தான் அவர் ஜீவனம். தெரசா என்னை இரண்டு தரம் முறைத்தாள். நான் ஒட்டடை அடிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

ஓசூரிலிருந்து ஸ்டூடியோக்காரர் வந்து கேமரா ஸ்டாண்டை நிறுத்தினார். கன்னடம் கலந்த தமிழ். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர், வெளியே எடுத்தார். வாசற்படியில் அக்கா நின்றிருந்தார்.

“ஸ்வல்ப தள்ளி நில்லுங்கம்மா.”

அக்கா தூண் பக்கம் போனார். அங்கேயும் தெரிகிறதாம். கிணற்றடிக்குப் போனார். இன்னும் கொஞ்சம் என்றார் அவர். மேகம் வேறு கூடிக்கொண்டு வந்தது. வெளிச்சம் போய்விடும் என்று அண்ணன் அவசரப்படுத்தினார். அக்கா கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்கே போய்விட்டார்.

“இப்போ சரியா இருக்குது” என்றார் ஸ்டூடியோக்காரர்.

அக்கா ரோட்டிலிருந்தே கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“படத்துக்குச் சரிப்பா, சவரி. அப்புறம் நான் எங்க நிக்கறது?”

அண்ணன் முகம் சிவந்தது. ஆறு மாசம் மெட்ராஸ், ஆறு மாசம் சேலம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். தெரசா விடுவிடுவென்று ரோட்டுக்குப் போய் அக்கா பக்கத்தில் நின்றாள். என்னைத்தான் பார்த்தாள்.

எனக்கு அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை. கடைசியில் சொன்னேன்.

“நான் கையெழுத்துப் போடலை, அண்ணா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டார். அக்கா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை. பஸ் ஏறிவிட்டார். இதை எழுதுகிற வரை அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்த வலி எனக்கு இருக்கிறது, மறைப்பானேன்?

ஸ்டூடியோக்காரர் பாவம், எடுக்கட்டுமா வேண்டாமா என்று விழித்தார். அக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நேரே வாசற்படியில் போய் நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“எடுங்க” என்றார்.

ஆள் நிற்கிற படம் வீடு விற்க ஆகாதாம், ஸ்டூடியோக்காரர் சொன்னார்... ரொம்பச் சரி. ஆகவில்லை!