மாரெட்டின் பெயர் அட்டை

பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "கீழ் வீட்டு ஹெல்மி ஆன்ட்டி காலையில போயிட்டாங்கடி. தூக்கத்துலயே," என்றார் அம்மா. வெள்ளிக்கிழமை பள்ளிப் பேச்சுப் போட்டியில் நான் ஆன்ட்டியின் அப்பாவைப் பற்றிப் பேச இருந்தேன். முன்வரிசையில் உட்காருவேன் என்று ஆன்ட்டி சொல்லியிருந்தார்.

எங்கள் ஜெர்சி சிட்டி கட்டடத்தில் அவரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. சென்ற பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு எல்லோருடைய பெயரும் எழுதிய சிறு அட்டைகளோடு வந்தார். யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கான அட்டைகள். நாங்களோ காகிதத் தட்டோடு நின்றே சாப்பிடுகிறவர்கள். "நான் உட்கார்ந்துட்டா யார் ஆன்ட்டி சர்வ் பண்றது?" என்று அம்மா சிரித்தார். "அப்போ உன் கார்டாவது உட்காரட்டும்," என்றார் ஆன்ட்டி.

அது அவர் அப்பாவின் பழக்கம். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே எஸ்டோனியா என்ற சின்ன நாட்டின் அமைச்சராக இருந்து, பிறகு வெளிநாட்டில் அதன் தூதரானவர் அவர். "பேசிக்காத ரெண்டு பேரைப் பக்கத்துல உட்கார வெச்சு, உப்பை ஒருத்தர் கைக்கு மட்டும் எட்டுற மாதிரி வெச்சுடுவார்," என்பார் ஆன்ட்டி.

சோவியத் படைகள் நாட்டைப் பிடித்ததும், புதிய அரசு அவரை உடனே திரும்பி வரச் சொன்னது. அவர் மறுத்தார். இல்லாமல் போன நாட்டின் தூதராகவே, சாகும்வரை தினமும் கோட்டு போட்டுக்கொண்டு அலுவலக மேசைக்குப் போனார்.

இதுதான் என் பேச்சு. வாசித்துக் காட்டியபோது ஆன்ட்டி கேட்டார்: "மாரெட் எங்கே?"

மாரெட் அவருடைய அக்கா. எஸ்டோனியாவிலேயே அத்தை வீட்டில் தங்கிப் படித்தவள். அப்பா திரும்ப மறுத்த பிறகு சோவியத் ஆட்கள் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. வீட்டில் மீதி மூன்று பேர். ஆன்ட்டியின் அம்மா இரவு உணவுக்கு நான்காவதாக மாரெட்டின் அட்டையை வைப்பாராம். அப்பா உட்காருமுன் அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். மறுநாள் அம்மா புதிதாக எழுதி வைப்பார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அவர் செஞ்சது தப்பா ஆன்ட்டி?"

"தெரியலை. போயிருந்தா எங்க எல்லாரையும் பிடிச்சிருப்பாங்க. போகலை, அவளை மட்டும் பிடிச்சாங்க. அவரை ஹீரோன்னே சொல்லிக்கோ. ஆனா அவளை விட்டுடாதே."

சேர்த்தேன். ஆசிரியை அந்தப் பத்தியை அடித்துவிட்டார். அது கேட்பவர்களைக் குழப்பும், அவருடைய துணிச்சலை மங்கச் செய்யும் என்றார். "மிஸ் சொன்னா கட் பண்ணிடு கண்ணு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் என் அப்பா. ஆன்ட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் போய்விட்டார். இப்போது உண்மையிலேயே யாருக்கும் தெரியப் போவதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முன்வரிசை நாற்காலிகள் இரண்டில் அட்டை வைத்தேன்: ஹெல்மி, மாரெட். அடித்த பத்தியையும் வாசித்தேன். பரிசு கிடைக்கவில்லை. வேலையிலிருந்து தாமதமாக வந்த அம்மாவுக்கு வேறு இடம் இல்லை. முன்வரிசை வரை வந்து, அட்டைகளைப் பார்த்துவிட்டு, கடைசிவரை சுவரோரமாக நின்றார்.

ஆன்ட்டியின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. நான் எழுதிய மாரெட்டின் அட்டை மட்டும் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. மேசையைத் துடைக்கும்போது அம்மா அதைத் தூக்கி, அடியில் துடைத்துவிட்டு, அதே இடத்தில் வைக்கிறார்.